கோடு போட்ட உடை கிடைக்காதவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், ஆக்கிரமித்த போலந்தில் ஹிட்லரின் ஆட்சி நடத்திய ஆஷ்விட்ஸ் முகாம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுரையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனுடன் வந்த படத்தின் அடியில் 'ஹிட்லரின் முகாம்களில் யூதர்களுக்குத் தரப்பட்ட உடை' என்று அச்சிட்டிருந்தீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட அந்தச் சட்டையைத் திரைப்படங்களில் பார்த்துப் பார்த்து, அங்கே கொல்லப்பட்ட யூதர்கள் எல்லோரும் அதை அணிந்திருந்தார்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைக் கையால் தொட்டதுகூட இல்லை.

ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர். அவர்களில் கைதிகளாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் சுமார் 2 லட்சம் பேர்தான். மற்றவர்கள், குழந்தைகளும் முதியவர்களும் பிள்ளைகளுடன் வந்த தாய்மார்களும், ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்துக்குள் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்குக் கைதி எண்ணும் இல்லை, சீருடையும் இல்லை. வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த துணியைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான். ட்ரெப்ளிங்கா முகாமில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். அதுவும் பெல்செக், சோபிபோர் ஆகியவையும் கொல்வதற்கென்றே கட்டப்பட்ட இடங்கள். அங்கே வேலைக்காக உயிரோடு விட்டுவைக்கப்பட்ட சிலரும் சாதாரண உடையில்தான் இருந்தார்கள்.

அந்தக் கோடு போட்ட சீருடை யூதர்களுக்கென்று உருவானதும் அல்ல. 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் டாஹாவ், சாக்சன்ஹவுசன், புக்கன்வால்ட் முகாம்களில் எல்லா வகைக் கைதிகளுக்கும் பொதுவாக வந்தது அது. யார் எந்த வகை என்பதை மார்பில் தைத்த முக்கோணத் துணி சொல்லும். அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளிக்குப் பச்சை, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஊதா, தன்பாலின விருப்பமுள்ள ஆண்களுக்கு இளஞ்சிவப்பு. யூதக் கைதியானால் ஒரு மஞ்சள் முக்கோணத்தையும் சேர்த்து ஆறுமுனை நட்சத்திரமாகத் தைப்பார்கள். முகாமுக்கு வெளியே இருந்த அடையாளம் வேறு. ஜெர்மனியில் 1941 செப்டம்பர் முதல் ஆறு வயது நிரம்பிய ஒவ்வொரு யூதரும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தாக வேண்டும். ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் அதற்கும் முன்பே நீல நட்சத்திரம் போட்ட வெள்ளைக் கைப்பட்டை. நம் பத்திரிகைகளில் இவை எல்லாம் கலந்துபோகின்றன.

நான் தையல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் துணி, அளவு, தையல் என்றே என் கண் போகும். முகாமில் அளவு பார்க்காமல் கையில் கிடைத்த உடையைக் கைதியிடம் எறிந்துவிட்டுப் போவார்கள். நெட்டையனுக்கு முழங்கை வரை நிற்கும் சட்டை, குட்டையனுக்குத் தரையில் புரளும் கால்சட்டை. போலந்தின் கடுங்குளிருக்கு அந்தத் துணி எந்த மூலைக்கு? சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டவர்கள் பிடிபட்டால் அடி விழும். காலுக்குக் காலுறை கிடையாது, கந்தல் சுற்றிக்கொண்டு மரத்தால் அடித்த செருப்பு. அது கடித்துப் புண்ணானால், புண் சீழ் பிடித்தால், நடக்க முடியாதவன், வேலைக்கு ஆகாதவர்களைச் சாவுக்குப் பிரித்தெடுக்கும் அடுத்த பொறுக்கலில் போய்விடுவான். துணியில் பேன், பேனால் டைபஸ் காய்ச்சல். தொப்பியைத் தொலைத்தவன் கதி இன்னும் மோசம். வருகைக் கணக்கெடுப்பில், முகாம்களை நடத்திய ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி முன்னால் எல்லோரும் ஒரே அசைவில் தொப்பியைக் கழற்றியாக வேண்டும். சில காவலர்கள் கைதியின் தொப்பியைப் பிடுங்கி எல்லைக் கோட்டுக்கு அப்பால் வீசி, எடுத்துவரச் சொல்லி, தப்பி ஓடினான் என்று சுட்டுவிடுவார்கள்.

ஒழுங்காகத் தைத்து, உடம்புக்குப் பொருந்திய கோடு போட்ட சட்டையோடு ஒருவன் நின்றால் அவன் பெரும்பாலும் கங்காணி வேலை பார்க்கும் கைதியாக இருப்பான். படங்களில் வரும் நேர்த்தியான சீருடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சீருடையும் எல்லோருக்கும் போதவில்லை. 1942 மார்ச்சில் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு வந்த யூத இளம்பெண்களுக்கு, கொல்லப்பட்ட சோவியத் போர்க்கைதிகளின் பழைய ராணுவ உடைகளைக் கொடுத்தார்கள். பின்னால் தட்டுப்பாடு முற்றியபோது, கொல்லப்பட்டவர்களின் சொந்த உடைகளிலேயே முதுகில் சிவப்புச் சாயத்தால் கோடு இழுத்தோ, துணியை வெட்டி வேறு துணி ஒட்டுப் போட்டோ கைதிகளுக்குக் கொடுத்தார்கள். 1944-ல் ஹங்கேரியிலிருந்து வந்த யூதப் பெண்களில் பலர் மொட்டைத் தலையும் ஏதோ ஒரு கிழிந்த கவுனுமாக நின்றவர்கள்.

நல்ல துணியெல்லாம் எங்கே போனது? இதைத்தான் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவில் கொள்ளைப் பொருள்களைத் தரம் பிரிக்கும் கிடங்குகளுக்குக் கைதிகள் 'கனடா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கனடா செழிப்பான நாடு என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். 1942 செப்டம்பர் 26 அன்று ஆகஸ்ட் ஃபிராங்க் என்ற எஸ்.எஸ். அதிகாரி அனுப்பிய ரகசிய உத்தரவு, எந்தப் பொருள் எங்கே போக வேண்டும் என்று கடைக் கணக்குப்போல வரிசைப்படுத்துகிறது. உடைகளை அனுப்புமுன் யூத நட்சத்திரத்தைப் பிரித்தெடுத்துவிட வேண்டும், மறைத்துத் தைத்த நகை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிடக் கொடுமை, இந்தச் சொத்துகளைத் திருட்டிலும் பதுக்கலிலும் வந்த பொருள்கள் என்றே குறிப்பிட வேண்டும் என்கிறது அந்தத் தாள். உடையவர்களைக் கொன்றுவிட்டு அவர்களுக்கே திருடர் பட்டம்! 1943 பிப்ரவரியில் மேலிடத்துக்குப் போன அறிக்கை ஒன்றின்படி, ஆஷ்விட்ஸ், லுப்லின் முகாம்களிலிருந்து அதுவரை 825 ரயில் பெட்டி நிறையத் துணிமணிகள் அனுப்பப்பட்டிருந்தன. ஏழை ஜெர்மானியருக்கு உதவும் குளிர்கால நிவாரண அமைப்பின் கிளை ஒன்று, தனக்கு வந்த கோட்டுகளில் ரத்தக்கறை இருக்கிறது, நட்சத்திரம்கூட நீக்கப்படவில்லை என்று முறையிட்டது. முறையீடு அழுக்கைப் பற்றியது.

தைத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராவன்ஸ்புருக் பெண்கள் முகாமில் எஸ்.எஸ்ஸின் சொந்த நிறுவனம் ஒன்று தையல் கூடங்களை நடத்தியது. கைதிச் சீருடையும் காவலரின் சீருடையும் அங்கே கைதிகளின் கையாலேயே தைக்கப்பட்டன. ஆஷ்விட்ஸ் தளபதி ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனைவி ஹெட்விக், தனக்கும் அதிகாரிகளின் மனைவியருக்கும் நவநாகரிக உடை தைக்க ஒரு தையலகமே திறந்தாள். அங்கே வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்ட பெண்களில் பெரும்பாலோர் யூதர்கள். ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவா நகரில் தையல்காரராக இருந்த மார்த்தா ஃபுக்ஸ் அவர்களுக்குத் தலைவி. துணி வந்தது 'கனடா' கிடங்கிலிருந்து. தெரிந்த பெண்களை ஒவ்வொருவராகத் தையலகத்துக்குள் இழுத்துச் சேர்த்தே மார்த்தா பலரைச் சாவிலிருந்து காப்பாற்றினார். என் மாணவிகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. பாடத்திட்டத்தில் அதற்கு இடம் ஏது?

படத்தின் குறிப்பை அடுத்த இதழில் 'முகாமில் பதிவு செய்யப்பட்ட கைதிகளின் சீருடை' என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யூதர்களின் உடை என்று ஒன்றைக் காட்டத்தான் வேண்டுமென்றால், ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தில் 200-க்கும் மேற்பட்ட தொழுகைச் சால்வைகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கூடவே ஒரு லட்சத்துக்கும் அதிகமான காலணிகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 8,000 குழந்தைகளுடையவை. அந்தப் படங்களைக் கேட்டு வாங்குவது உங்களைப் போன்ற பத்திரிகைக்குக் கடினமாக இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
ஈரோடு