செவலை இன்னும் கன்று போடவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அக்கா, பிள்ளைகள் எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "ஆமாம்மா, சரிம்மா" என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். அக்கா மகள் என் குரலைப் பதிந்து வாட்சப்பில் அனுப்பினாள். நீ கேட்டுவிட்டாய் என்று நீலக் குறி விழுந்ததாம், பதில்தான் வரவில்லை. அதனால் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

செவலை இன்னும் கன்று போடவில்லை. சினை ஊசி போட்ட நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். 280 நாள் கணக்கு வருகிற செவ்வாயோடு முடிகிறது. மூன்றாவது ஈற்றுதான், ஆனாலும் பயமாக இருக்கிறது. மடி இறங்கிவிட்டது. வாலடியில் இரண்டு பக்கமும் விரலால் அமுக்கினால் குழைகிறது, பள்ளம் விழுந்திருக்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அது என்னைத் திரும்பிப் பார்த்துப் பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் அசைபோட ஆரம்பித்துவிடுகிறது. போன ஈற்றுக்கு நஞ்சுக்கொடியைப் பலா மரத்தில் கட்ட நீ ஏறினாய். இந்தத் தடவை யாரை ஏறச் சொல்வது? மாமாவுக்கு முட்டி வலி.

மாட்டுப் பொங்கலுக்கு நீ வருவாய் என்று கொம்புக்குப் பூச வாங்கிய மஞ்சள் சாயம் அப்படியே பாதி மிச்சம் இருக்கிறது. தீபாவளிக்குப் பஸ்ஸில் வந்தாய். காடி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது என்றாய். பொங்கலுக்கும் அதே ஒர்க்ஷாப்பா என்று மாமா கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். வந்த இரண்டு நாளும் நீ கொட்டகைப் பக்கம் கால் வைக்கவில்லை, தெரியுமா? சின்னவள் கையைப் பிடித்து இழுத்தும் போகவில்லை. 2021-ல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது, கோவிட் கட்டுப்பாட்டால் மாநில எல்லையைத் தாண்ட முடியாத நேரம். அப்போது தினமும் சாயங்காலம் படம் அனுப்பச் சொல்லி, மயிலையின் கழுத்தில் எத்தனை கட்டி, எது உடைந்திருக்கிறது, தீனி எடுக்கிறதா என்று கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு கணக்கு எழுதின பிள்ளை நீ. ஈயும் கொசுவும்தான் முக்கியமாகப் பரப்பும், புகை போடுங்கள், வலை கட்டுங்கள் என்று நீ சொல்லித்தான் கட்டினோம். மயிலை பிழைத்தது. "என் மகன் போனிலேயே மாட்டைக் காப்பாற்றினான்" என்று கோயிலில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

காசு வந்தது. 9-ஆம் தேதி 150 வெள்ளி, 21-ஆம் தேதி 100. அதற்கு முந்தின மாதமும் இப்படித்தான் இரண்டு தடவையாக வந்தது. 28-ஆம் தேதியானால் 400 போட்டுவிடுவாய், ஆறு வருஷமாக ஒரு மாதம் தப்பியதில்லை. நான் கணக்குக் கேட்கவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. இனிமேல் போடாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பால் போகிறது, முட்டை போகிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்கள் இப்போதே வந்து சொல்லி வைத்துவிட்டார்கள். தௌஃபூ செய்கிற தவுக்கே, அந்தச் சீன முதலாளி, சோயாச் சக்கையை இன்னும் பழைய விலைக்கே தருகிறார். அது அன்றன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும், மறுநாள் புளித்துப்போய் மாட்டுக்கு வயிற்றைக் கெடுக்கும் என்பதால் அளவாகத்தான் வாங்குகிறேன். 2014-ல் பினாங்கு இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து நம் பத்து காவான் ஊர்ப் பக்கம் தொழிற்சாலையும் தாமான் குடியிருப்புமாக ஆகிவிட்டது, புல் அறுக்க இடம் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் பின்னால் நட்ட நேப்பியர் புல் தழைத்து வருகிறது. போதும். நீ காசு போடாதே. சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, உடம்பு சூடாகத்தான் இருக்கும்.

சாம்பல் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. 11 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன், இரண்டு கூமுட்டை. மிச்சம் ஒன்பதிலும் சிலந்திக் கால் மாதிரி நரம்பு ஓடியிருந்தது. 21-ஆம் நாள் பொரிக்கும். போன தடவை பியாவாக் உடும்பு வந்து குஞ்சுகளைத் தின்றுவிட்டது, இந்தத் தடவை கூண்டுக்கு அடியிலும் கம்பி வலை அடித்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பரண் மேலிருந்த பழைய பால் கேனை இறக்கி, புளி போட்டுத் தேய்த்தேன். நீ சைக்கிளில் கொண்டுபோன கேன்தான். மூடியில் இருக்கிற நசுங்கலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி, அந்தப் பாலில் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

2003. நீ படிவம் ஒன்று, இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம். பெரிய லட்சுமிக்கு மடிவீக்கம் வந்த மாதம். இரண்டு காம்பு கல் மாதிரி ஆகி, பால் திரி திரியாக வந்தது. ஊசி போட்ட டாக்டர், கடைசி ஊசி போட்டு இத்தனை நாள் ஆகும்வரை பாலை விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்னொரு மாட்டின் நாலு லிட்டரை வைத்துக்கொண்டு 14 வீட்டுக்கு நான் என்ன செய்வேன்? பால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் நிறுத்தினால் எல்லாரும் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவார்கள், அப்புறம் உன் ஸ்கூல் பஸ் காசுக்கு எங்கே போவது என்று பயம். குழாயைத் திறந்தேன். முதல் நாள் ஒரு குவளை. நாலாம் நாள் பாதிக்குப் பாதி. மருந்து ஏறின பாலை மட்டும் சேர்க்கவில்லை, அதைத் தரையில்தான் ஊற்றினேன், சாமி சத்தியம்.

பச்சைக் கதவு வீட்டு அம்மா, தயிர் உறையவில்லை என்று குண்டானோடு நம் வாசலுக்கு வந்தார். "உங்க பையன் வழியில குடிச்சிட்டு பைப்புத் தண்ணிய ஊத்துறான்" என்றார். அப்பா உன்னைக் கேட்டார். நீ இல்லை என்றாய். அவர் மாட்டுக் கயிற்றை எடுத்தார். நான் தவிட்டு வாளியில் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு நின்றேன். தவிடு கரைந்த பிறகும் கரைத்துக்கொண்டே இருந்தேன். நீ ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாய்.

மறுநாள் விடியற்காலையில் நீ கேனைத் தூக்குமுன் மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, நகத்தின் மேல் பால் நிற்கிறதா என்று பார்த்தாய். அது ஓடிவிட்டது. அடுப்படியில் நான் நிற்பதைப் பார்த்ததும் மூடியை அழுத்திச் சாத்திவிட்டு சைக்கிளை எடுத்தாய். 14 வீட்டுக்கும் அதையே கொண்டுபோய் ஊற்றினாய். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது, நாம் இரண்டு பேரும் அதைப் பேசவே இல்லை. அப்பா கடைசிவரை நீதான் செய்தாய் என்று நினைத்துக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் நல்ல நினைவோடு இருந்த அந்தக் கடைசி வாரத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். கஞ்சியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இல்லாததை இல்லை என்று சொல்ல நான் உனக்குக் காட்டித்தரவில்லை. ராத்திரி கொட்டகையில் நிற்கும்போது அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மேலே ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன் அல்லவா, அதுவும் முழு உண்மை இல்லை. செவலை பால் வற்றிய இந்த இரண்டு மாதமாக மயிலை ஒன்றுதான் கறக்கிறது. பத்து வீட்டில் ஆறு வீட்டை நிறுத்திவிட்டேன். வாசலில் நின்று, "பால் இல்லம்மா, கன்று போட்டதும் தரேன்" என்று நானே சொன்னேன். முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, அப்புறம் சொல்லுங்க" என்றார்கள். ஒரு வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள்.

செவலை கன்று போட்டதும் செய்தி அனுப்பச் சொல்கிறேன். அன்றைக்கே கிளம்பு. கே.எல். சென்ட்ரலில் ஈ.டி.எஸ். ரயில் ஏறினால் நாலு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜாம். டிக்கெட்டை அக்கா மகள் போனிலேயே எடுத்து அனுப்புவாள், வேண்டாம் என்று சொல்லாதே. சீம்பால் மூன்று நாள்தான் கிடைக்கும். கன்று குடித்தது போக மிச்சத்தில், உனக்குப் பிடித்த மாதிரி குலா மலாக்கா பனைவெல்லம் போட்டு அவித்து வைக்கிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

அம்மா