பீட்ரூட் பொடி வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள தாயி,

பாம்பனில் எல்லோரும் சுகம். வாடைக்காற்று அடங்கவில்லை. வடகடல் வள்ளங்கள் கரையில்தான் கிடக்கின்றன; உன் தம்பி வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் உயிரை வாங்குகிறான்.

பளு தூக்குகிறவளுக்குப் பீட்ரூட் பொடி உதவுமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். அதில் இருக்கும் நைட்ரேட்டுக்காகத்தான் அதை வாங்குகிறார்கள். காலமெல்லாம் வேதியியல் நடத்தினவனிடம் போனில் ஒரு வரியில் பதில் கேட்டால் எப்படி?

நைட்ரேட் நேராக வேலை செய்வதில்லை. குடலில் சேர்ந்ததில் ஒரு பங்கு எச்சிலோடு திரும்ப வாய்க்கு வருகிறது. நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதை விழுங்கிய பிறகுதான் நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக்குழாயை விரியவைக்கும் இந்த வாயுவைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 1998இல் மூன்று பேருக்கு மருத்துவ நோபல். நீ இரண்டு வேளையும் மவுத்வாஷ் கொப்பளிக்கிறவள். அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டுப் பொடிக்குக் காசு கொடுப்பது வீண்.

ஆக்சிஜன் குறைந்து அமிலம் ஏறின இடத்தில்தான் நைட்ரைட் சுலபமாக நைட்ரிக் ஆக்சைடாகும். கரைவலை இழுக்கும்போது வலையின் பையான மடி கரையை நெருங்குகிற நேரத்தில் உன் சித்தப்பா தொடை நடுங்க, கயிற்றை இடுப்போடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்வாரே, தசை அந்த நிலைக்கு வர வேண்டும். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் கடைசி இரண்டு மூன்று தடவை தூக்க முடியாமல் தவிக்கிறாயே, அங்கே கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆய்வுகளிலும் அப்படித்தான்: களைக்கும்வரை தூக்குகிற எண்ணிக்கை சிலருக்குச் சற்றுக் கூடுகிறது, ஒரே மூச்சில் தூக்கும் உச்ச எடை பெரிதாக ஏறுவதில்லை. நன்றாகப் பழகிய உடம்பில் பலன் இன்னும் குறைவு.

போட்டி மேடையில் உனக்கு ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 3, தோளுக்குத் தூக்கி அங்கிருந்து மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 3 வாய்ப்பு. ஒவ்வொன்றும் சில நொடிதான். களைப்பு வருமுன் பார் கீழே விழுந்துவிடும். அதனால் என் கணக்கில் இது பயிற்சிக்கு, அதுவும் நிற்காமல் நிறைய தடவை தூக்குகிற நாளுக்கு மட்டும். இன்னொன்று: பீட்ரூட் சாறு குடித்து 2, 3 மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் நைட்ரைட் உச்சத்துக்குப் போகும். உனக்கு எடை பார்ப்பதோ போட்டிக்கு 2 மணி நேரம் முன். அரை லிட்டர் சாறு வயிற்றில் இருந்தால் தராசில் அரைக் கிலோ கூடும், உன் எடைப் பிரிவைத் தாண்டிவிடலாம். போட்டியன்று அது வேண்டவே வேண்டாம்.

நைட்ரேட் தடைசெய்யப்பட்ட பொருள் இல்லைதான். ஆனால் அந்த டப்பாவில் வேறென்ன கலந்திருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினால் கடைக்காரன் வந்து நிற்கமாட்டான், உடம்பில் இருந்ததற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். எடை போட்டு விற்கிற சோடியம் நைட்ரேட் உப்புப் பொடிகளைத் தொடவே தொடாதே. நைட்ரேட் என்று நைட்ரைட்டைக் கொடுத்துவிட்டால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து.

பொடிக்குப் பதில் சாறு என்றால், கடையில் விற்கும் செறிவான பீட்ரூட் சாறு 70 மி.லி. குப்பியில் சுமார் 400 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும். ஆய்வுகளில் கொடுத்ததும் ஏறக்குறைய அந்த அளவுதான். வீட்டுச் சாற்றில் அளவு காய்க்குக் காய் மாறும். பரவாயில்லை, பச்சையாக அரைத்து உடனே குடி. வைத்திருந்தால் கிருமி சேர்ந்து நைட்ரைட் ஏறிவிடும். அம்மா மாதிரி வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் நைட்ரேட்டும் சாக்கடைக்குத்தான் போகும். இதைச் சொன்னதற்கு எனக்கு அன்றைக்குக் காப்பி கிடைக்கவில்லை. அங்கே கீரை கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள், அதிலும் நைட்ரேட் நிறைய உண்டு. சிறுநீர் சிவந்தால் பயப்படாதே. ஆனால் அம்மாவுக்குக் கல்லடைப்பு வந்தது உனக்குத் தெரியும். பீட்ரூட்டில் கல் உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம், தினமும் வேண்டாம்.

நகரை மீன் கருவாடு பார்சலில் வருகிறது. உன் அறைத்தோழி மூக்கைப் பொத்தினால் மொட்டை மாடியில் வைத்துப் பொரி. அந்தப் பொடியை ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்று தம்பி சொல்கிறான். டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, அதுவரை திறக்காதே.

அப்பா