ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதிக்கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலம் பழகும் சிறுவர்களுக்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்கும் வழக்கம் கொழும்பிலும் விட்டபாடில்லை. பேரிக்காய், கரடி இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை அப்படி எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘பெயார்’தான்! ஆங்கிலத்தின் p, b இரண்டு ஒலிகளுக்கும் தமிழில் ‘ப’ ஒன்றுதானே. பிள்ளை பிழையாகச் சொல்லவில்லை. நாம் எழுதிக்கொடுத்ததைத்தான் வாசிக்கிறது.

இதைத் திருத்த அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்று போதும். இரண்டு விரல் அகலத்தில் கிழித்து, உதட்டுக்கு முன்னால் 5 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்கவிடுங்கள். பேனைக்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னால், முதல் ஒலியான p-யோடு வாயிலிருந்து வெளிவரும் காற்றில் தாள் துள்ள வேண்டும். b-யில் தொடங்கும் பந்துக்கான சொல்லுக்கு அநேகமாக அசையாது. மின்விசிறியை நிறுத்திவிட்டே செய்யுங்கள். மட்டை சரிவராது, பாரம் கூட.

கரண்டிக்கான ‘ஸ்பூன்’ முதல் நாளில் வேண்டாம். ‘ஸ்’ முன்னால் வந்தால் அந்தக் காற்று எழாது, பிள்ளை குழம்பிவிடும். சொல்லின் கடைசியிலும் தாளை நம்ப முடியாது. தலையில் போடும் ‘கெப்’புக்கும் வீதியில் ஓடும் ‘கெப்’புக்கும் வேறுபாடு உயிரொலியின் நீளத்தில் இருக்கிறது: தொப்பிக்குக் குறுகும், வாகனத்துக்குச் சற்று நீளும். அதைக் காதால்தான் பழக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 6 சோடிச் சொற்கள், 10 நிமிடம் போதும். பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களும் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ் உச்சரிப்பை அச்சிடுவதை விட்டு, ஒரு படத்தைப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.