கொழுப்பு குறைந்த சாப்பாடு கேட்டேன், ஜெயின் சாப்பாடு வந்தது

அனுப்புநர்: முன்பதிவுப் படிவத்தில் உள்ள பெயர், பாளையங்கோட்டை முகவரி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை

பொருள்: 2024 மே மாதம் சென்ற 10 நாள் ஐரோப்பா சுற்றுலாவில், தனியாகப் பணம் கட்டிக் கேட்ட கொழுப்பு குறைந்த உணவு தரப்படாதது தொடர்பாக.

ஐயா,

பஸ் சுத்தமாக இருந்தது. ஹோட்டல்களில் குறை இல்லை. உங்கள் டூர் மேனேஜர் தங்கமான பையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற அம்மா’ என்று நினைத்துக் கடிதத்தை ஓரமாக வைத்துவிடாதீர்கள். என் புகார் சாப்பாடு பற்றி மட்டும்தான். அதிலும் ருசியைப் பற்றி அல்ல.

சென்ற ஆண்டு தீபாவளி கழிந்து மூன்றாம் நாள் எனக்குக் கணைய அழற்சி வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ரத்தத்தில் 150-க்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 1,000-ஐத் தாண்டியிருந்தது. அன்றிலிருந்து நாளுக்கு 30 கிராம் கொழுப்புக்கு மேல் போகக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு. அதாவது தாளிப்பு, பால், பருப்பு, மீன் எல்லாம் சேர்ந்து ஆறு டீஸ்பூன் கணக்குக்குள் என் நாள் முடிந்தாக வேண்டும். உடம்பு இளைப்பதற்காக நான் பத்தியம் இருக்கவில்லை. அந்த வலியை ஒரு தடவை பட்டவர்கள் அப்பளத்தைக்கூடச் சுட்டுத்தான் சாப்பிடுவார்கள்.

ஜனவரியில் உங்கள் கிளைக்கு வந்தபோது இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். “அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம், ஸ்பெஷல் மீலுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு தனியாக வரும்” என்றார் அங்கிருந்தவர். கட்டினேன். படிவத்தில் என் கையாலேயே ‘கொழுப்பு குறைந்த உணவு, லோ ஃபேட்’ என்று எழுதி, டாக்டர் கடிதத்தின் நகலையும் பின் குத்திக் கொடுத்தேன். நான் சைவம் இல்லை, மீனும் முட்டை வெள்ளைக்கருவும் சாப்பிடுவேன் என்பதும் அதே படிவத்தில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

விமானத்தில் சிறப்பு உணவு கேட்டவர்களுக்குத்தான் முதலில் தட்டு வரும். எனக்கும் வந்தது. “ஜெயின் மீல்தானே மேடம்?” என்று கேட்டார் பணிப்பெண். இல்லை என்றேன். அவர் தன் பட்டியலைக் காட்டினார். என் இருக்கை எண்ணுக்கு எதிரே ‘வி.ஜே.எம்.எல்.’ என்று இருந்தது. கொழுப்பு குறைந்த உணவுக்கு ‘எல்.எஃப்.எம்.எல்.’ என்று தனிக் குறியீடு இருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் ஏற்றியிருப்போம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வருத்தப்பட்டார். தட்டைத் திறந்தால் நெய் மினுங்கும் புலாவ், பட்டாணி பனீர், ஒரு துண்டு பர்ஃபி. அந்தப் பெண் எங்கிருந்தோ இரண்டு ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு பாரிஸ் போய் இறங்கினேன்.

விமானத்தில் மட்டும் நடந்த தவறு என்றுதான் நினைத்தேன். அன்று இரவு பாரிஸில் நீங்கள் ஏற்பாடு செய்திருந்த இந்திய உணவகத்தில் சௌகார்பேட்டையிலிருந்து வந்திருந்த இரண்டு ஜெயின் குடும்பங்களோடு என்னையும் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு எல்லாம் கச்சிதமாக நடந்தது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஒன்றும் இல்லை. இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு. (மே மாதம் அங்கே ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது, அது வேறு விஷயம்.) ஒரு குறிப்பிட்ட உணவு முறையை ஒன்பது ஊர்ச் சமையலறைகளிலும் பிசகாமல் நடத்திக்காட்ட உங்களால் முடியும் என்பதற்கு அந்த மேஜையே சாட்சி. அதே மேஜையில் எனக்கு வந்தது முந்திரி அரைத்து க்ரீம் ஊற்றிய பனீர், வெண்ணெய் தடவிய நான் ரொட்டி, தால் மக்கனி, குலாப் ஜாமுன். வெங்காயம் இல்லைதான். எனக்கு வெங்காயத்தோடு என்ன பகை?

பொறுக்க முடியாமல் அடுப்படிப் பக்கம் போனேன். சமையல்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் பட்டியலை எடுத்துக் காட்டினார். “அம்மா, எங்களுக்கு வந்த லிஸ்டில ஜெயின் எண்டுதான் போட்டுக் கிடக்கு. எண்ணெய் கூடாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் செய்து தந்திருப்பம்” என்றார். பத்தே நிமிடத்தில் வெறும் சோறு, தாளிக்காத பருப்பு, மிளகும் புளியும் போட்ட ஒரு ரசம், அவித்த பீன்ஸ். அந்தப் பயணத்தில் உங்கள் கணக்கில் நான் வயிறார உண்டது அந்த ஒரு வேளைதான். அவர் அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

உங்களிடம் நான் கேட்டது எவ்வளவு மலிவான சாப்பாடு என்று பாருங்கள். இருப்பதிலிருந்து எடுத்துவிடச் சொன்னேனே தவிர, எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. அதற்குத்தான் ஆறாயிரத்து ஐந்நூறு.

மறுநாள் காலை டூர் மேனேஜர் சென்னைக்குப் போன் செய்தார். உணவகங்களுக்குப் பட்டியல் போய்விட்டது, இனி மாற்ற முடியாது, கிரேவியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று பதில் வந்ததாம். இதைச் சொன்னவர் யாரோ, அவருக்கு ஒரு தகவல்: கிரேவியை வழித்துவிட்டாலும் 100 கிராம் பனீரில் 20 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. என் நாள் கணக்கில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும்.

சுவிட்சர்லாந்தில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது; அன்று வரவில்லை. ஒரு மதியம் குழுவுக்கு அவித்த உருளைக்கிழங்கு வைத்தார்கள். கொழுப்பே இல்லாத பண்டம், எனக்கென்றே வந்தது போல. கையை நீட்டுகிறேன், பரிமாறுகிறவர் ஓடிவந்து “நோ நோ, ஜெயின்!” என்று பாத்திரத்தை நகர்த்திவிட்டார். மண்ணுக்கடியில் விளைவது அவர்களுக்கு ஆகாதல்லவா. பதிலுக்கு என் முன்னால் வைத்தது சீஸ் உருக்கி ஊற்றிய ரொட்டி.

அதன் பிறகு என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொண்டேன். லூசர்னில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டிக் கிடந்தன. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை மட்டும் திறந்திருக்கும் என்று டூர் மேனேஜர்தான் கூட்டிப்போனார். அங்கே பாக்கெட்டுகளில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் விவரம் அச்சிட்டிருக்கிறார்கள். ‘ஃபெட்’ என்றாலும் ‘க்ராஸி’ என்றாலும் கொழுப்பு என்று இரண்டே நாளில் பழகிவிட்டது. 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் இருந்தால் வைத்துவிடுவேன். கொழுப்பு நீக்கிய தயிர், பழம், சாதா ரொட்டி, இவைதான் என் சுவிஸ் விருந்து. நீண்ட தூரம் ஓட்டினால் டிரைவர் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் நெடுஞ்சாலைக் கடைகளில் தயிர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அதற்குள் ஒரு இரவு வலி வந்துவிட்டது. முந்தின இரண்டு நாளும் பசி தாங்காமல் அந்தப் பனீரையும் நான் ரொட்டியையும் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டிருந்தேன். மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்குப் பாய்கிற அதே வலி. ஊர் டாக்டருக்குப் போன் போட்டோம். ஒன்றும் சாப்பிடாதீர்கள், தண்ணீர் மட்டும் குடியுங்கள், ஒரு மணி நேரத்தில் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். நல்லவேளை, குறைந்தது. மறுநாள் எல்லோரும் 3,454 மீட்டர் உயரத்தில் யுங்ஃப்ராவ்யோக் பனியில் நிற்க, நானும் என் வீட்டுக்காரரும் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த மலைக்காகத்தான் இந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியில் உங்கள் உணவகங்களுக்கு நான் வரவே இல்லை. என் காசில் வெளியே சாப்பிட்டேன். ‘சென்சா ஒலியோ’ என்றால் எண்ணெய் வேண்டாம் என்று அர்த்தமாம்; அதைச் சொன்னதும் வெனிஸில் சுட்ட மீனும் எலுமிச்சம்பழமும் முகம் சுளிக்காமல் வைத்தார்கள். பாஷை தெரியாத ஊரில் இரண்டு வார்த்தையில் நடந்தது, தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்ட படிவத்தால் நடக்கவில்லை.

ஊர் திரும்பி ரத்தம் பரிசோதித்ததில் ட்ரைகிளிசரைடு 410. கிளம்பும்போது 180 இருந்தது. எல்லாம் உங்கள் பனீரால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அலைச்சல், தூக்கமின்மை, எதுவும் காரணமாக இருக்கலாம். அதனால் மருத்துவச் செலவை உங்கள் தலையில் கட்டவில்லை.

நான் கேட்பது இவைதான். தராத உணவுக்கு வாங்கிய ₹6,500. வலியால் போக முடியாமற்போன யுங்ஃப்ராவ்யோக் பயணத்துக்கு ஆன என் பங்கு. உங்கள் கையேட்டிலேயே ஒருவருக்கு ₹16,000 என்று போட்டிருக்கிறது. (வீட்டுக்காரர் பங்கைக் கேட்கவில்லை. போங்கள் என்றுதான் சொன்னேன், அவர் கேட்கவில்லை.) நான் தனியாக வாங்கிச் சாப்பிட்ட வகையில் 38 ஃப்ராங்க், 62 யூரோ, நம் பணத்தில் சுமார் ₹9,100. மொத்தம் ₹31,600. படிவத்தின் நகல், டாக்டர் கடிதம், கடை ரசீதுகள், பாரிஸ் உணவகத்தில் நான் படம் எடுத்த உங்கள் பட்டியல் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

கூடவே, என் படிவம் எந்த மேஜையில் ‘லோ ஃபேட்’டிலிருந்து ‘ஜெயின்’ ஆனது என்பதை விசாரித்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணினியில் ‘சிறப்பு உணவு’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, அதை டிக் செய்தால் தானாக ஜெயின் என்று விழுந்துவிடுகிறது என்பது என் சந்தேகம். அப்படியானால் என்னைப் போல இன்னும் எத்தனை பேர் அங்கே பனீர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ. சர்க்கரை நோய்க்காரர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியைக்கு நேரமும் நிறையவே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இந்தக் கடிதத்தைக் காட்டி டூர் மேனேஜர் பையனை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். வலி வந்த இரவு விடிய விடிய எங்கள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது அவர்தான்.