மாத்திரை வைக்க ஒரு பெட்டி: வினிபெக் தமிழ் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

போன குளிர்காலம் முழுக்க நம் குழுவில் சிலர் சனிக்கிழமை இரவுகளில் மெயின் தெருப் பக்கம் சூப்பும் கையுறையும் கொண்டுபோய்க் கொடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே பூர்வகுடி மக்களே நடத்தும் இளையோர் மையம் ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் நாங்கள் பார்த்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

ஜனவரியில் ஓர் இரவு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். பஸ் தரிப்பிடத்தில் கண்ணயர்ந்த நேரம் அவளுடைய பையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே காசு இருந்ததா என்று கேட்டோம். "மாத்திரை" என்றாள். எச்.ஐ.வி.க்கான மாத்திரை, ஒரு மாதத்துக்குரிய போத்தல். அது தொலைந்தது அந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது முறை. பெயரும் ஊரும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்று அவளே சொன்னதால் எழுதுகிறோம்.

இன்று எச்.ஐ.வி. உயிரைக் குடிக்க வேண்டிய நோய் இல்லை. பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒழுங்காக எடுத்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்து நிற்கும்வரை உடலுறவு வழியாக அது மற்றவருக்குப் பரவாது. அடிக்கடி விட்டுவிட்டு எடுத்தால் வைரஸ் அந்த மருந்துக்கே பழகிவிடும். பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவினரான முதற்குடியினரில் (First Nations) அரசிடம் பதிவு பெற்றவர்களுக்கு மருந்துச் செலவைக் கூட்டாட்சி அரசின் திட்டமே ஏற்கிறது. ஆக மருந்து இருக்கிறது, காசும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இல்லாதது போத்தலை வைக்கப் பூட்டுள்ள ஓர் இடம்.

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடியினர் 5 சதவீதம். 2020இல் நாட்டில் புதிதாகத் தொற்றியவர்களில் ஏறத்தாழ 18 சதவீதம் பேர் அவர்கள் என்பது அரசின் மதிப்பீடு. நம் மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். மனிடோபாவில் புதிதாகத் தொற்று கண்டறியப்படுகிறவர்களில் பெரும்பான்மையினர் பூர்வகுடி மக்கள், பாதிப்பேர் அளவுக்குப் பெண்கள். நிலையான இருப்பிடம் இல்லாதவர்களும் நிறைய.

"போதை ஊசி போட்டால் வராமல் என்ன செய்யும்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். சரி, அந்த ஊசிக்கு முன்னால் என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும். 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் (residential schools) அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. அவற்றில் ஒன்று 1958 முதல் 1973 வரை இதே வினிபெக்கில், அகடமி வீதியில் நடந்தது. நம்மில் எத்தனை பேர் அந்த வழியால் தினமும் போய் வருகிறோம்! நாட்டின் கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். அங்கே வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று தெருவில் நிற்கிறார்கள். மனிடோபாவில் அரசின் பராமரிப்பில் இருக்கும் சிறுவர்களில் பத்தில் ஒன்பது பேர் பூர்வகுடிப் பிள்ளைகள். வயது வந்ததும் பராமரிப்பு முடிகிறது. பலருக்கு அதற்கப்புறம் போக வீடு இல்லை.

வன்கூவரிலும் பிரின்ஸ் ஜார்ஜிலும் 2003இல் தொடங்கிய 'சீடர்' ஆய்வு, போதைப்பொருள் பயன்படுத்தும் சுமார் 600 பூர்வகுடி இளையோரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அப்படி ஆளானவர்களிடம் எச்.ஐ.வி.யும் கூடுதலாக இருந்தது. இதைப் படித்த பிறகும் அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

"இந்த விஷயத்துக்கெல்லாம் கோயிலில் காசு சேர்ப்பதா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அவரை மதிக்கிறோம், கேள்வியை ஒதுக்கவும் இல்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோதும் ஊர் இப்படித்தான் முகம் சுளித்தது. நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கவே பலர் தயங்கிய காலத்தில் அவர் அவர்களுக்காகவே ஒரு நிலையம் தொடங்கினார். வெட்கப்பட்டு மறைத்ததால் இந்த நோய் எந்த ஊரிலும் குறையவில்லை.

எது தேவை என்பதை நாங்கள் முடிவுசெய்யவில்லை. மையத்தின் மூத்தோரிடம் கேட்கப் போனோம். அவர்கள் மரபுப்படி முதலில் புகையிலை கொடுத்துத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். நாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல என்று உடன் வந்த அம்மா ஒருவர் சொல்ல, அவர்கள் சிரித்தார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார்கள்.

முதலில் கேட்டது நாற்பது பூட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் போன் சார்ஜ் செய்யும் வசதியோடு. அடுத்தது மருத்துவரிடம் போய்வர டாக்சிக் காசு. மைனஸ் 30இல் இரண்டு பஸ் மாறிப் போகச் சொன்னால் யார் போவார்கள்? மூன்றாவது, சிம் அட்டையோடு எளிய போன்கள். மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ போடும் எச்.ஐ.வி. ஊசிமருந்தை 2020 மார்ச்சில் உலகிலேயே முதலில் அனுமதித்த நாடு கனடா. தெருவில் வாழ்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஊசிக்கான நாளைத் தாதி கூப்பிட்டுச் சொல்ல ஒரு நம்பர் வேண்டும். வழக்கமாக அதற்கு முன் மாத்திரையால் வைரஸைக் கட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டும். அதனால்தான் பெட்டிக்கு முதலிடம். இவற்றோடு, வாரம் ஒருநாள் மூத்தோர் வந்து பிள்ளைகளோடு உட்கார அவர்களுக்குரிய சன்மானம்.

எல்லாமாக 24,000 டாலர். குழு உறுப்பினர்கள் 6,500 போட்டுவிட்டோம். மீதி 17,500.

ஒரு பெட்டிக்கு 150 டாலர். முழுதாகத் தர முடியாதவர்கள் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து தரலாம். 10 டாலரும் பெரிய உதவிதான். காசு நம் குழுவின் கைக்கு வராது. நேரே மையத்தின் கணக்குக்குப் போகும், வரிச் சலுகைக்கான பற்றுச்சீட்டை அவர்களே அனுப்புவார்கள். கணக்கு விவரம் கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பெட்டிகளில் பெயர்ப் பலகை எதுவும் வைக்க மாட்டோம், கொடுத்தவர் பெயரும் வேண்டாம், தமிழர் என்ற பெயரும் வேண்டாம். அங்கே வரும் பிள்ளைகளைப் படம் எடுக்கவும் மாட்டோம்.

பெட்டிகளுக்கு அக்டோபர் 15க்குள் ஆர்டர் கொடுத்தால்தான் கடுங்குளிருக்கு முன் பொருத்தி முடிக்கலாம். பொருத்தும் வேலைக்கு ட்ரில் பிடிக்கத் தெரிந்த நான்கு பேரும் வேண்டும். வர முடிந்தவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் எங்களிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
குழுவினர்