கடும் நோயுற்ற குழந்தைகளுக்காக எங்களோடு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

கடும் நோயுற்ற குழந்தைகளுக்காகப் பணியாற்றும் எங்கள் அறக்கட்டளையின் மருத்துவப் பிரிவுத் தலைமைப் பொறுப்பை இந்த மாதத்தோடு நிறைவுசெய்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கிறேன். விடைபெறும் முன், இந்தப் பணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்வது என் கடமை. அவர்களுள் பலரின் பெயர் எங்கள் ஆண்டறிக்கைகளில் இடம்பெற்றதில்லை. அவர்கள் அதை விரும்பியதும் இல்லை. ஆகவே பெயர்களை விடுத்து, அவரவர் செய்த பணியைச் சொல்லியே எழுதுகிறேன்.

அறக்கட்டளைக்கு மருத்துவப் பிரிவு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. சிகிச்சை மருத்துவமனையில் நடக்கிறது. நாங்கள் நடத்துவது விளையாட்டு முகாம்களும் சிறு பயணங்களும்தான். ஆனால் கீமோதெரபி பெற்றுவரும் ஒரு குழந்தையை முகாமுக்கு அழைப்பதென்றால், அதன் வெள்ளணுக்களின் எண்ணிக்கை என்ன, இரத்தக்குழாயில் மருந்து செலுத்துவதற்காக மார்பில் தோலுக்கடியில் பொருத்தியிருக்கும் போர்ட் என்ற சிறு கருவியைக் கையாளத் தெரிந்த செவிலியர் இருக்கிறாரா, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் நோய்க்கிருமிகளுக்கு எதிரான முதல் ஊசியைப் போட்டுவிட முடியுமா என்பவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே விடை இருக்க வேண்டும். இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா என்ற நோயுள்ள சிறுவன் பந்தின் பின்னால் ஓட வேண்டுமானால், இரத்தத்தை உறையச் செய்யும் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோயுள்ள சிறுமி நீச்சல் குளத்தில் இறங்குமுன் நீரின் குளிர்ச்சியைப் பார்க்க வேண்டும். உடல் குளிர்ந்தாலோ நீர்ச்சத்து குறைந்தாலோ அவளுக்குத் தாங்க முடியாத வலி கிளம்பக்கூடும். இவ்வளவையும் சரிபார்த்த பிறகு, "வரலாம்" என்று சொல்வதுதான் எங்கள் பிரிவின் வேலை. அந்த ஒரு சொல்லை நான் துணிந்து சொல்ல முடிந்தது உங்களால்தான்.

முதல் நன்றி, இந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவர்களுக்கு உரியது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வசதி மிக்க நாடுகளில் அவர்களுள் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். வசதி குறைந்த நாடுகள் பலவற்றிலோ அது 30 சதவீதத்தையும் எட்டுவதில்லை. 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளையேனும் பிழைக்க வைக்க வேண்டும் என்ற இலக்கோடு 2018-இல் ஒரு முயற்சியை அந்நிறுவனம் தொடங்கியது. அந்த இடைவெளியைக் குறைப்பதற்காக இரவும் பகலும் உழைக்கிறவர்களிடம்தான் நாங்கள் எங்கள் நீண்ட படிவங்களை நீட்டினோம். உயிர் காக்கும் வேலை குவிந்து கிடக்கையில் விளையாட்டு முகாமுக்குப் படிவமா என்று நீங்கள் ஒருவரும் கேட்கவில்லை. கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு, ஒவ்வாமை, நெருக்கடி நேரத்தில் அழைக்க வேண்டிய எண் என எதையும் விடாமல் எழுதித் தந்தீர்கள். ஒரு படிவத்தின் ஓரத்தில், "இவனுக்கு ஊசி என்றால் பயம், முன்பே சொல்லிவிட்டால் தானே கையை நீட்டுவான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். படிவத்தில் அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், ஒவ்வொரு குழந்தையையும் பற்றி இப்படி ஒரு வரி எழுத இடம் விட்டுப் படிவத்தை மாற்றி அமைத்தோம்.

அடுத்து, எங்கள் செவிலியர்கள். இவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான மருந்தின் அளவு பெரும்பாலும் உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஆகவே ஒருவர் கணக்கிட்டதைப் பார்க்காமலே மற்றொருவர் தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துவந்த பின்னரே மருந்தைக் கையில் எடுப்பது என்ற வழக்கத்தை, எத்தனை களைப்பிலும் நீங்கள் கைவிட்டதில்லை. அந்தக் கண்டிப்போடு கனிவும் உங்களிடம் இருந்தது. மருந்து நேரம் வந்தால் குழந்தைகளை ஆட்டத்தின் நடுவே எழுப்பிக்கொண்டு போகாமல், நேரத்தைச் சற்றுத் தள்ளலாமா என்று சிகிச்சை மருத்துவரிடம் கேட்டுவைத்து, இடைவேளையில் நீங்களே மைதானத்துக்கு மருந்தைக் கொண்டுபோனீர்கள். தன் பொம்மைக்கு முதலில் போர்ட்டைக் கழுவிவிட வேண்டும் என்று அடம்பிடித்த சிறுமிக்காக, கையுறை மாற்றி, முறை தவறாமல், அந்தப் பொம்மைக்கும் எல்லாவற்றையும் செய்து காட்டிய செவிலியரை நான் மறக்க மாட்டேன். வலி இருப்பதாகச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, வலியின் அளவை முகங்களால் காட்டும் அட்டையில் சிரித்த முகத்தையே சுட்டிக்காட்டிய ஒரு பையனை, அவன் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்த விதத்தை வைத்தே கண்டுகொண்டவரும் உங்களுள் ஒருவர்தான். அவனுக்கு வலி தணிந்தது, முகாமிலும் இருந்தான்.

வலியைப் பற்றிப் பேசும்போது நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்தணிப்பு மருத்துவக் குழுவினரை நினையாமல் இருக்க முடியாது. கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்து என்றாலே முடிவு நெருங்கிவிட்டது என்று அஞ்சும் பெற்றோருக்கு, நோய்தணிப்புப் பராமரிப்பு நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே, குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்க வேண்டிய ஒன்று என்பதை அமர்ந்து, பொறுமையாக விளக்கினீர்கள். எங்கள் தன்னார்வலர்களுக்கும் அதே பொறுமையோடு கற்பித்தீர்கள்.

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகளின் குளிர்பதனப் பெட்டிக்கு நாள்தோறும் குறிப்பேடு வைத்துக் காத்த மருந்தாளுநர்களுக்கும், ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வாசலில் காத்திருந்த ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் என் நன்றி. தன்னார்வலர்களே, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தைக்குத் தட்டம்மையும் சின்னம்மையும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், தடுப்பூசிச் சான்று இல்லாமல் எவரையும் உள்ளே விடுவதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றபோது நீங்கள் மனம் கோணவில்லை. மாதக்கணக்கில் நாடகம் ஒன்றைத் தயாரித்திருந்த ஓர் இளைஞர், தங்கைக்குச் சின்னம்மை கண்டதும் தாமே அழைத்துச் சொல்லிவிட்டு வீட்டிலேயே தங்கிவிட்டார். மேடையேறி அவர் செய்திருக்கக்கூடிய எதையும்விட அது பெரிது என்று நான் கருதுகிறேன்.

நன்கொடையாளர்களும் அறங்காவலர்களும் எனக்கு அளித்த சுதந்திரம் எளிதில் கிடைப்பதன்று. ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. நோயுற்ற குழந்தைக்கு அந்த உரிமை இல்லாமல் போய்விடாது என்பதை உங்களிடம் நான் வாதாட வேண்டியிருந்ததே இல்லை. பயன்படாமலேயே காலாவதியான அவசர மருந்துகளுக்கும் முகம் சுளிக்காமல் பணம் தந்தீர்கள். தொற்றுப் பரவலால் முகாமைத் தள்ளிவைக்கச் சொன்னபோது, காரணத்தைக் கேட்டீர்கள், ஏற்றுக்கொண்டீர்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் நான் கற்றது அதிகம். எந்த மருந்துக்குப் பின் வாந்தி வரும், எந்த அழுகை பசிக்கானது, எது வலிக்கானது என்று நீங்கள் நோட்டுகளில் குறித்து வைத்திருந்தவை, எங்கள் கோப்புகளில் இருந்தவற்றைவிட நுட்பமானவை. ஒரு பொழுதும் கண்ணைவிட்டு அகலவிடாத பிள்ளையை எங்களை நம்பி அனுப்பினீர்கள். பிள்ளையை இழந்த பின்னரும் தொடர்பைத் துண்டிக்காமல், புதிதாக வரும் பெற்றோரின் அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி என்ற சொல் போதாது என்பதை அறிந்தே அதைச் சொல்கிறேன். நோயுற்ற அண்ணனுக்கோ அக்காவுக்கோ எல்லாக் கவனமும் போய்விட, ஓரமாக நின்று விட்டுக்கொடுத்த தம்பி தங்கையருக்கும் இதில் பங்குண்டு.

எனக்கு அடுத்துப் பொறுப்பேற்பவர் உங்களில் பலருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். குழந்தைகள் நல மருத்துவத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர். அடுத்த முகாமுக்கான மருத்துவப் படிவங்கள் இந்த வாரம் அவர் கையொப்பத்தோடு உங்களை வந்தடையும். எனக்குக் காட்டிய அதே விரைவோடும் அக்கறையோடும் அவற்றை நிரப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் விட்டிருக்கும் இடத்திலும் ஒரு வரி எழுதுங்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
மருத்துவப் பிரிவுத் தலைவர்