நெடுஞ்சாலைத் திருப்பங்களில் வழிகாட்டிப் பலகைகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல், ஆயுத பூசை என்று தொடர் விடுமுறை வந்தால் சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் சொந்தக் காரில் புறப்படும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாம்பரத்திலிருந்து மதுரைக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். பல ஆண்டுகளாக விடியுமுன் கிளம்பி, எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம் என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பின்னிருக்கையில் கைப்பேசியைப் பார்த்தபடி வருவார்கள். வழியில் கழிப்பறைக்கு இறங்க நேருமே என்ற கவலையில் என் மாமியார் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவார்.

மூன்று ஆண்டுகளாக வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம். புறப்படும் முன்னிரவில் எல்லோரும் உட்கார்ந்து, வழியில் நிற்க வேண்டிய இடங்கள் இரண்டைத் தேர்ந்தெடுக்கிறோம். அவற்றில் ஒன்று பிள்ளைகளின் விருப்பம். இரண்டுக்கு மேல் வைத்துக்கொண்டால் களைப்பும் எரிச்சலும்தான் மிஞ்சும் என்பது பட்டுத் தெரிந்துகொண்டது.

குளிர்காலமாக இருந்தால் முதல் நிறுத்தம் வேடந்தாங்கல். படாளம் கூட்டுச்சாலையில் திரும்பினால் சிறிது நேரப் பயணம்தான். ஆனால் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். ஏரிக்கரையில் நின்றால், தண்ணீரில் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் குச்சி குச்சியாகக் கொண்டுவந்து கூடு அடுக்குவதைக் காணலாம். ஒரு நாரை கொண்டுவந்த குச்சி மூன்று முறை நழுவி விழுந்ததையும், அது மூன்று முறையும் பறந்துபோய் வேறு குச்சி எடுத்து வந்ததையும் என் மகள் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பறவைகளைக் காக்க இவ்வூர் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் உரிமை பெற்றவர்கள் என்பதையும், தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்ப்பவர்கள் என்பதையும் அங்கே நின்று சொன்னபோது பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

செஞ்சியைப் பலரும் வழியில் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அக்கோட்டையில் இராஜகிரி மலை ஏறி இறங்கவே அரை நாள் வேண்டும். அதற்குத் தனிப் பயணம் வைத்துக்கொள்வதே நல்லது. வழியிலேயே பார்க்க ஏற்றது, பெரம்பலூருக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல் இருக்கும் ரஞ்சன்குடி கோட்டை. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரப் போர் இந்தப் பகுதியில்தான் நடந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் கொடும்பாளூர். விராலிமலையைத் தாண்டியதும் வரும் அந்த ஊரில், சோழர் காலச் சிற்றரசர்களான இருக்குவேளிரின் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று எஞ்சி நிற்பவை இரண்டு விமானங்களே. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் பக்கத்தில் கிடக்கிறது. உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி இவ்வூர்க் குளக்கரையில் சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. கோவலனுக்கும் கண்ணகிக்கும் சொல்லப்பட்ட அதே ஊர் வழியாகத்தான் நாமும் போகிறோம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவதால் அது நம் கண்ணில் படுவதில்லை. விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டென்று அறிந்த என் மகன், அடுத்த முறை அங்கேதான் நிற்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.

இதையெல்லாம் எழுதக் காரணம் சாத்தனூரில் நாங்கள் பட்ட பாடு. பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூரில், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியக் காலத்தில் கடல் இந்தப் பகுதிவரை பரவியிருந்தபோது புதையுண்டு கல்லாகிப்போன 18 மீட்டர் நீள அடிமரம் இருக்கிறது. அதைத் தேடிப் போன எங்களைக் கைப்பேசி வரைபடம் ஒரு வயலோரம் முடிந்துபோகும் மண்பாதையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "கல்மரந்தானே தம்பி, வந்த வழியே திரும்புங்க" என்று சொல்லி, சாலை வரைக்கும் எங்கள் கூடவே நடந்து வந்தார். நாங்கள் வந்த வழியில் ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

எனவே பொறுப்புடைய துறைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: நான்குவழிச் சாலையிலிருந்து பிரியும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் முன்னதாகவே, இடத்தின் பெயர், தொலைவு, திறந்திருக்கும் நேரம், அங்கே கழிப்பறை உண்டா இல்லையா என்ற நான்கு விவரங்களையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய பலகைகளை வைக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடங்களில், முதியவர்களும் பெண்களும் தயங்காமல் இறங்கும்படி தண்ணீர் வசதியோடு ஒன்றைக் கட்டித்தர வேண்டும். வரும் கோடை விடுமுறைக்குள் சாத்தனூர், கொடும்பாளூர் ஆகிய இரண்டு ஊர்களின் திருப்பங்களிலேனும் இப்பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
தாம்பரம்.